எதிரி காப்பாற்றிய படச்சுருள்

சின்ன வயதில் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு தீப்பெட்டி வைத்திருந்தோம். உள்ளே குச்சி இருக்காது, பிலிம் இருக்கும். தியேட்டரில் படம் அறுந்தால் ஆபரேட்டர் அறுந்த இடத்தை ஒழுங்காக வெட்டுவார். பிளேடால் மேல்மருந்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்டைத் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். வெட்டிய துண்டு தரையில் விழும். அது எப்படியாவது எங்கள் கைக்கு வந்துவிடும். ஃபியூஸ் போன பல்பின் பின்பக்கத்தைத் தட்டிக் கழற்றித் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் தயார். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து ஜன்னலுக்குள் அனுப்புவான். உள்ளே அப்பாவின் வேட்டிதான் திரை. பிலிமைத் தலைகீழாகச் செருகினால் எம்.ஜி.ஆர் நேராக நிற்பார்.

ஒருநாள் அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோவுக்கு எடுத்த நெகட்டிவ் கிடைத்தது. அதையும் பல்புக்குப் பின்னால் வைத்தேன். கறுத்த அப்பா வேட்டியில் வெளுத்துத் தெரிந்தார். மீசை நரைத்திருந்தது, வெள்ளைச் சட்டை கரியாகியிருந்தது. பயந்துபோய்க் கண்ணாடிக்காரனைக் கையை எடுக்கச் சொன்னேன். ஸ்டுடியோக்காரரிடம் கேட்டபோது, “பத்திரமா வைப்பா. போட்டோ எத்தனை வேணும்னாலும் போட்டுக்கலாம். இது ஒண்ணுதான்” என்றார்.

அப்படி ஒரே ஒரு நெகட்டிவைப் பற்றித்தான் எழுத வந்தேன். எங்கள் ஊர்க்காரர் படமும் இல்லை, எங்கள் ஊரில் எடுத்ததும் இல்லை. ஆனாலும் புதுச்சேரிக்காரனுக்கு அந்தக் கதை அந்நியமாகப் படாது.

கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நான்கு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே தலை குனிந்து நிற்கும் சிப்பாயைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகப் போய்ச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்கான நினைவிடம் அது, 1938-இல் திறந்தார்கள். ஜூலை 14 வந்தால் விளக்கு போட்டு மலர்வளையம் வைப்பார்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த வயதான சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு வருவார்கள். அந்தச் சிப்பாயை இங்கே நிறுத்துவதற்கு முந்தின ஆண்டு, அதே போரைப் பற்றிய ஒரு படம் பாரிசில் வெளியானது. ‘மாபெரும் மாயை’ என்று தமிழில் சொல்லலாம். இயக்கியவர் ழான் ரெனுவார். அவரும் அந்தப் போரில் அடிபட்டவர். 1915-இல் காலில் குண்டு பட்டு, சாகும்வரை விந்தி விந்தி நடந்தார்.

ரெனுவாரின் அப்பா ஓவியர் ஒகுஸ்த் ரெனுவார். 1919-இல் அப்பா இறந்தபோது வீடு நிறைய ஓவியங்கள் இருந்தன. அப்பாவுக்குக் கடைசியாக மாடலாக நின்ற பெண்ணை மகன் மணந்தார். கொஞ்ச காலம் மண்பாண்டம் வனைந்தார். பிறகு எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம் எடுத்த ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’ என்ற மௌனப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மண்பாண்டத்தைக் கைவிட்டு சினிமாவுக்கு வந்தார். மனைவிதான் கதாநாயகி. 1926-இல் எடுத்த ‘நானா’ கையைக் கடித்தது. அப்பாவின் ஓவியங்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் மௌனப்படங்களின் செலவைச் சமாளித்தார். இன்று அந்த ஓவியங்களின் விலையை நினைத்தால் வயிறு எரியும். நான் அதை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். ஓவியம் விற்ற பணத்தில்தான் ஒரு மனிதர் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

சினிமாவுக்குப் பேச்சு வந்தபோது பல மௌனப்பட இயக்குநர்கள் தடுமாறினார்கள். மைக்கை விட்டு நடிகர் நகர முடியவில்லை, கேமராவின் இரைச்சலை அடக்க அதைப் பெட்டிக்குள் பூட்டினார்கள். ரெனுவாருக்கு வேறு சிக்கல். இவர் செலவாளி, இவரை நம்பி ஒலிப்படம் கொடுக்கலாமா என்று தயாரிப்பாளர்கள் யோசித்தார்கள். நம்பவைப்பதற்காக 1931-இல் ஒரு சின்ன நகைச்சுவை நாடகத்தை மளமளவென்று படமாக்கினார். அதில் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தை உண்மையாகவே பதிவு செய்து வைத்தார், படம் அதற்காகவே பேசப்பட்டது. அந்த வெற்றியைக் காட்டி ‘லா ஷியென்’ எடுக்க வாய்ப்பு வாங்கினார். அதில் மொன்மார்த்ர் தெருவுக்கே மைக்கைக் கொண்டுபோனார். பின்னால் போகும் வண்டி, நடைபாதையில் விழும் காலடி, எல்லாம் அந்த இடத்துச் சத்தம். ஒருவர் உடம்புக்கு இன்னொருவர் குரலை ஒட்டுவது அவருக்குக் கடைசிவரை ஒப்பவில்லை. நம் ஊரின் ஆரம்பப் பேசும் படங்களிலும் நடிகர் பாடிக்கொண்டே நடக்க, வாத்தியக்காரர்கள் கேமராவின் பார்வைக்குள் வராமல் கூடவே நகர்ந்தார்கள். இங்கே வேறு வழி இல்லாமல் செய்ததை ரெனுவார் வேண்டுமென்றே செய்தார்.

‘மாபெரும் மாயை’ அந்தப் பிடிவாதத்தின் உச்சம். போர்க்கைதிகளின் கதை அது. பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சு பேசுகிறான், ஜெர்மானியன் ஜெர்மன், ஆங்கிலேயன் ஆங்கிலம், ரஷ்யன் ரஷ்ய மொழி. கைதிகள் சுரங்கம் தோண்டுகிறார்கள். அந்த அறை வேறு கைதிகளுக்குப் போகிறது. வெளியேறும் பிரெஞ்சுக்காரன் உள்ளே வரும் ஆங்கிலேயனிடம் தரைக்குக் கீழே சுரங்கம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை, சுரங்கம் வீணாகிறது. மௌனப்படத்தில் இந்தக் காட்சியே பிறந்திருக்காது. எழுத்து அட்டை போட்டால் இருவருக்கும் புரிந்துவிடும்.

போரில் விமானி அர்மான் பான்சார் ரெனுவாரின் உயிரைக் காப்பாற்றியவர், எதிரிச் சிறையிலிருந்து பலமுறை தப்பியவர். அவர் சொன்ன அனுபவங்கள்தான் கதையின் விதை. ரெனுவார் சுமார் மூன்று ஆண்டுகள் கதவு தட்டினார், பணம் போட ஆள் கிடைக்கவில்லை. ழான் கபேன் நடிக்கிறார் என்ற பிறகுதான் வேலை நடந்தது. படத்தில் கபேன் போட்டிருக்கும் விமானிச் சட்டை ரெனுவார் போரில் போட்டிருந்த அதே சட்டை. ஜெர்மன் கோட்டைத் தளபதியாக நடித்தவர், எவர் படத்தைப் பார்த்து ரெனுவார் சினிமாவுக்கு வந்தாரோ அந்த ஸ்ட்ரோஹைமேதான். கழுத்து முறிந்த தளபதி இரும்புப் பட்டையால் முகவாயை நிமிர்த்திக்கொண்டு, கற்கோட்டையின் ஒரே பூச்செடியைத் தொட்டியில் வளர்க்கிறார். எதிரி நாட்டு அதிகாரியைத் தன் கையாலேயே சுட நேர்ந்த பிறகு, அந்த ஒரே பூவைக் கத்தரித்துவிடுகிறார்.

1937 ஜூனில் படம் வெளியாகி ஓடு ஓடென்று ஓடியது. வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அயல்மொழிப் படமாக இருந்தும் ஆஸ்கர் சிறந்த படப் போட்டிக்குள் நுழைந்தது, அப்படி நுழைந்த முதல் படம் அதுதான். எதிரியையும் மனிதனாகக் காட்டும் படத்தை, அடுத்த போருக்குக் கத்தி தீட்டுபவர்கள் விட்டுவைப்பார்களா? ஜெர்மனியில் தடை, இத்தாலியில் தடை. சினிமாவில் தனக்கு முதல் எதிரி இந்தப் படம்தான் என்று கோயபல்ஸ் சொன்னார்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் படத்தின் கதை. பொருளின் கதை 1940 ஜூனில் தொடங்குகிறது.

ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எங்கள் ஊர் கவர்னர் பொன்வேன் ஹிட்லருக்குப் பணிந்த பிரெஞ்சு அரசை ஏற்காமல் தெகோல் பக்கம் நின்றார். புதுச்சேரி விடுதலைப் பிரான்சின் கொடிக்குக் கீழே வந்தது. ரெனுவார் கடைசியில் லிஸ்பன் வழியாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதே அறையில் உடன் பயணம் செய்தவர் ‘குட்டி இளவரசன்’ எழுதிய செந்தெக்சுபெரி. அந்த ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க்கில் இறங்கினார்கள்.

ஆள் மேற்கே போனார், நெகட்டிவ் கிழக்கே போனது. பாரிசில் இருந்த படப்பெட்டிகளில் தேவையானதை ஜெர்மானியர்கள் எடுத்தார்கள். அந்த வேலையில் முன்னால் நின்ற ஃபிராங்க் ஹென்சல் பெர்லினின் அரசுத் திரைப்படக் காப்பகத்தோடு தொடர்புள்ளவர். போருக்கு முன்பு, 1938-இல், படங்களைக் காப்பாற்ற என்று பாரிஸ், லண்டன், நியூயார்க், பெர்லின் காப்பகங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசச் சங்கம் தொடங்கியிருந்தன. படச்சுருளை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்த கைதான் அதைப் பறித்தது. தடை செய்த படத்தின் மூல நெகட்டிவை எரிக்காமல் பெர்லினுக்கு அனுப்பியது.

எரிப்பது மிகச் சுலபம் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். வெடிமருந்துக்குச் சொந்தக்காரன். பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். வெப்பமும் ஈரமும் பட்டால் நெருப்பே இல்லாமல் பிசுபிசுத்து, பழுப்புத் தூளாகிவிடும். புதுச்சேரியின் உப்புக் காற்றில் இரும்புக் கிராதியே சில வருஷத்தில் அரித்துப்போகும் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிரான்சிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் விடை இருக்கிறது. ரெனுவார் 1939-இல் எடுத்த ‘ஆட்டத்தின் விதி’ படத்தின் நெகட்டிவ் ஊரை விட்டுப் போகவில்லை. 1942-இல் நேச நாடுகளின் விமானங்கள் பாரிஸ் புறநகரில் போட்ட குண்டில் லேபோடு அழிந்தது. ‘மாபெரும் மாயை’யின் நெகட்டிவும் அப்படித்தான் போயிற்று என்றே உலகம் பல காலம் நம்பியது.

அது போகவில்லை. 1945-இல் பெர்லினுக்குள் செம்படை வந்தது. காப்பகம் சோவியத் கைக்குப் போனது. பெட்டிகள் மாஸ்கோவுக்குப் பயணமாயின. பின்னால் கோஸ்ஃபில்மோஃபோந்த் என்று பெயர் பெற்ற பெரிய காப்பகத்தில் அந்தச் சுருள்கள் குளிரில் அமர்ந்தன. எதிரி பறித்த பொருளை எதிரியின் எதிரி பறித்தான். கைமாறிய இரண்டு முறையும் யாரும் தீ வைக்கவில்லை.

நெகட்டிவ் மாஸ்கோவில் இருந்த அந்த ஆண்டுகளில் ரெனுவார் நம் நாட்டுக்கு வந்தார். ஹாலிவுட் அவருக்குச் சரிப்படவில்லை. ரூமர் காடன் எழுதிய ‘தி ரிவர்’ நாவலைப் படமாக்க ஆசைப்பட்டார். லாஸ் ஏஞ்சலீசில் பூ வியாபாரம் செய்த கென்னத் மெக்எல்டௌனி, போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்தவர், பணம் போட்டார். 1949-இல் இடம் தேடி கல்கத்தா வந்த ரெனுவாரைப் பார்க்க, விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்த சத்யஜித் ராய் ஓட்டலுக்கே போனார், சுற்று வட்டாரங்களுக்குக் கூடப் போனார். படப்பிடிப்பு பாரக்பூரில், ஹூக்ளிக் கரையில். தினமும் வந்து விளக்கு எங்கே வைக்கிறார்கள் என்று வேடிக்கை பார்த்து வரைந்துவைத்த இளைஞர் சுப்ரத மித்ரா. பின்னால் ‘பதேர் பாஞ்சாலி’யை ஒளிப்பதிவு செய்தவர் அவரே.

பாரக்பூரிலிருந்து ஆற்றில் கொஞ்சம் மேலே போனால் அக்கரையில் சந்திரநாகூர், புதுச்சேரியின் தங்கை. படம் எடுத்த அதே 1950-இல், மே 2 அன்று, அந்த ஊர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. எங்களுக்கு அந்த நாள் வர 1954 நவம்பர் 1 வரை ஆயிற்று.

‘தி ரிவர்’ படத்தில் மெலனி என்ற பாத்திரமாக நடித்தவர் நம்மூர்ப் பெண். அடையாறு பிரம்மஞான சபையில் வளர்ந்த ராதா, பின்னால் அந்தச் சபையின் தலைவரான என். ஸ்ரீராமின் மகள், ருக்மிணி தேவிக்கு மருமகள் முறை. கலாக்ஷேத்திராவில் பரதம் கற்றவர். இசைப் பொறுப்பு எம்.ஏ. பார்த்தசாரதிக்கு. ராதா ஆடும் காட்சி வரும்போது நானறிந்த எல்லா ஐரோப்பியப் படங்களும் செய்யும் தவறை ரெனுவார் செய்யவில்லை. காலையும் கையையும் துண்டுதுண்டாகக் காட்டாமல், விலகி நின்று முழு உடம்பையும் ஆடவிடுகிறார். அரைமண்டி தெரிகிறது, அடவு முடிகிறது. அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ராதா 1951-இல் சுவிஸ் புகைப்படக்காரர் ரேமோன் பூர்னியேவை மணந்தார். பூர்னியேவின் நண்பர் அலென் தானியேலு பிறகு புதுச்சேரிக்கு வந்து, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் வேலை பார்த்தார். ராதா 1980 முதல் 2013-இல் மறையும்வரை பிரம்மஞான சபையின் தலைவர்.

‘தி ரிவர்’ டெக்னிகலர் படம். அந்தக் கேமராவில் ஒரே காட்சி ஒரே நேரத்தில் மூன்று நெகட்டிவ்களில் பதியும், நிறத்துக்கு ஒன்று. அவற்றைக் கழுவ இந்தியாவில் லேப் இல்லை, லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்று எடுத்தது சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தன் படச்சுருள் தன்னைவிட்டுக் கடல் தாண்டிப் போவது ரெனுவாருக்குப் பழகிப்போயிருக்கும்.

இங்கே நம் கணக்கையும் பார்த்தாக வேண்டும். தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31-இல் சென்னையில் வெளியானது. பம்பாயிலிருந்து அதன் சுருள் வந்து இறங்கியபோது வால்டாக்ஸ் சாலை நெடுக மக்கள் பூவும் தேங்காயும் சூடமுமாக எதிர்கொண்டார்கள் என்று சொல்வார்கள். சாமியைப் போல வரவேற்ற அந்தச் சுருளில் ஒரு அடிகூட இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதல் மௌனப்படம் ‘கீசக வதம்’ இல்லை. ஓடி முடித்த படத்தை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள்.

தென்னகத்தில் எடுத்த மௌனப்படங்களில் முழுசாகக் கையில் இருப்பது ஒன்றே. பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’, 1933. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் அது. பதிப்புரிமை எங்களுடையது என்று திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தகக் கடை வழக்குப் போட்டது. படத்தை நிறுத்தினார்கள், சுருள்கள் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தன. தியேட்டருக்குத் தியேட்டர் அலைந்து தேயவும் இல்லை, வெள்ளிக்காக உருகவும் இல்லை. நாற்பது வருஷம் கழித்து, 1974-இல், புணே தேசியத் திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. வழக்குப் போட்டவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். தயாரிப்பாளர் சுந்தர்ராஜுக்கு அந்த வழக்கு எவ்வளவு பெரிய இடி என்பதும் எனக்குப் புரிகிறது. அவருக்கு நேர்ந்த அநியாயம்தான் நமக்கு மிஞ்சிய ஒரே படம்.

எங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் இப்படிக் கண்டெடுத்ததுதானே. 1761-இல் அவர் எழுதுவது நின்றது. 1846-இல் கலுவா மொம்பிரேன் தேடி எடுக்கும்வரை யாரும் சீந்தவில்லை. அரியேல் என்ற அதிகாரி படி எடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார். புதுச்சேரியில் எழுதியது பாரிசில் பிழைத்தது. பாரிசில் எடுத்தது மாஸ்கோவில் பிழைத்தது.

1958-இல் கிடைத்த அச்சுப் பிரதிகளைச் சேர்த்து, ரெனுவார் உயிரோடிருக்கும்போதே ‘மாபெரும் மாயை’யைத் திரும்ப ஒட்டி வெளியிட்டார்கள். பிரதியிலிருந்து எடுத்த பிரதி, ஓரங்கள் மங்கலாகத்தான் இருந்தன. அறுபதுகளின் நடுவில் கோஸ்ஃபில்மோஃபோந்தும் பிரான்சின் துலூஸ் நகரத் திரைப்படக் காப்பகமும் படங்களைப் பரிமாறிக்கொண்டன. அந்தப் பெட்டிகளோடு பெட்டியாக நெகட்டிவ் சொந்த நாட்டுக்குத் திரும்பியது. வந்திருப்பது இன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. துலூசில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் சும்மா கிடந்தது. ரெனுவார் 1979 பிப்ரவரியில் பெவர்லி ஹில்சில் இறந்தார். தன் படம் வீடு திரும்பிவிட்டது தெரியாமலே போனார். இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இது.

தொண்ணூறுகளில் துலூசின் நைட்ரேட் பெட்டிகளை பாரிசுக்குப் பக்கத்தில் புவா தார்சியில் உள்ள அரசுக் காப்பகத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அகப்பட்டது, 1937-இல் வெட்டி ஒட்டிய அதே மூல நெகட்டிவ். 1999-இல் அதிலிருந்து எடுத்த புதுப் பிரதி திரைக்கு வந்தது. 75-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பொலோனியாவில் கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்து இன்னொரு முறை புதுப்பித்தார்கள்.

அந்தப் புதுப் பிரதியைப் பார்த்தேன். கடைசிக் காட்சி. தப்பித்த இருவர் முழங்கால்வரை புதைந்து பனியில் நடக்கிறார்கள். ஜெர்மன் காவல்வீரர்கள் குறி பார்க்கிறார்கள். ஒருவன் தடுக்கிறான், அவர்கள் சுவிஸ் எல்லைக்குள் போய்விட்டார்கள் என்று. எல்லைக்கோடு எங்கேயும் தெரியாது. திரை முழுக்க வெள்ளைப் பனி, நடுவே இரண்டு கறுப்புப் புள்ளிகள் மேலே ஏறிப் போகின்றன.

பெர்லினிலும் மாஸ்கோவிலும் துலூசிலும் தகரப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தபோது அந்தக் காட்சி இப்படி இருந்திருக்காது. அப்பாவின் நெகட்டிவைப் பார்த்த எனக்குத் தெரியும். பனி கரியாக இருந்திருக்கும். அதன் நடுவே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்திருக்கும்.